அதே விஷயத்தை எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று தனக்கு நடந்த பாலியல் வன்முறையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அம்மாவிடம் சொல்லும், இல்லையென்றால் பிடித்த டீச்சரிடம், அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் உட்காரும் தோழியிடம். அப்புறம் நடப்பதை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். டீச்சர் கையைப் பிடித்துத் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போவார், அங்கே ஒரு தடவை. காவல்துறையினர் வருவார்கள், ஒரு தடவை. மருத்துவமனையில் முதலில் பார்க்கும் டாக்டரிடம், அவர் கூப்பிட்டு வரும் பெரிய டாக்டரிடம். குழந்தைகள் நலத் துறையிலிருந்து வருபவரிடம். வழக்கு என்று ஆகிவிட்டால் அரசு வழக்கறிஞரிடம். இடையில் வீட்டுக்கு வரும் உறவினர்கள் வேறு 'என்னம்மா ஆச்சு' என்று கேட்பார்கள். கடைசியில் நீதிமன்றத்தில், முன்பின் பார்த்திராதவர்கள் நிறைந்த ஒரு பெரிய அறையில், அதே விஷயத்தை முதலிலிருந்து சொல்லி, பிறகு குறுக்கு விசாரணையில் துண்டுதுண்டாக மறுபடி சொல்ல வேண்டும்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. டாக்டருக்குச் சிகிச்சை தர விவரம் வேண்டும், போலீஸுக்கு முதல் தகவல் வேண்டும், வழக்கறிஞருக்குச் சாட்சி எப்படிப் பேசுவார் என்று தெரிய வேண்டும். ஆளாளுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் எல்லா நியாயமும் சேர்ந்து ஒரே குழந்தையின் தலையில் வந்து இறங்குகிறது. வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கான சட்ட உதவி, சிகிச்சை என்று கடந்த ஐம்பது வருடங்களில் உலகம் கண்டுபிடித்தவற்றை எல்லாம் பார்த்தால், பெரும்பகுதி இந்த ஒரு எண்ணைக் குறைப்பதற்கான முயற்சி என்றுதான் எனக்குப் படுகிறது. எத்தனை தடவை சொல்ல வேண்டும், யாரிடம், எந்த வேகத்தில், யார் பக்கத்தில் இருக்க.

சரி, சொல்ல வைக்காமலேயே விட்டுவிட முடியாதா, வேறு ஆதாரம் கிடையாதா என்று கேட்கலாம். பெரும்பாலான பாலியல் வன்முறை வழக்குகளில் கிடையாது என்பதுதான் பதில். டாக்டர் பரிசோதித்தால் தெரிந்துவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம், சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். 2002-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்று பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 2,384 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. உடலில் இயல்புக்கு மாறாக ஏதாவது தென்பட்டது சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான். பல விதமான வன்முறைகள் உடலில் எந்தத் தடயமும் விடுவதில்லை, விட்டாலும் குழந்தைகளின் உடல் மளமளவென்று ஆறிவிடும், போதாக்குறைக்கு விஷயம் வெளியே வருவதற்குள் நாட்கள் ஓடிவிடுகின்றன. 'மெடிக்கல் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையாமே' என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்குச் சட்டத்திலும் மருத்துவத்திலும் அர்த்தமே இல்லை. நடந்த இடத்தில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் சொல்லப்போவதில்லை. மிச்சம் குழந்தையின் வார்த்தை மட்டும்தான்.

அந்த வார்த்தையோ நேர்கோட்டில் வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குள் குழந்தைகள் மீது நடந்த பாலியல் வன்முறை பற்றி விசாரித்த அரச ஆணையம் (2013 முதல் 2017 வரை நடந்தது) ஆயிரக்கணக்கானவர்களைத் தனித்தனியாகச் சந்தித்துப் பேசியது. அவர்கள் தங்களுக்கு நடந்ததை வெளியே சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். கிட்டத்தட்ட ஒரு தலைமுறை. 'அப்பவே ஏன் சொல்லல' என்ற கேள்வியைக் கேட்பவர்கள் இந்த எண்ணை ஒரு நிமிடம் மனதில் வைத்துப் பார்க்கலாம்.

இதற்கு முன்பே, 1983-இல், ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் குழந்தைகள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விவரித்திருந்தார். ரகசியம், செய்வதறியாத நிலை, சிக்கிக்கொண்டு அதற்கே பழகிப்போவது, தாமதமாகவும் தயக்கமாகவும் சொல்வது, கடைசியில் சொன்னதை 'அப்படியெல்லாம் இல்லை' என்று திரும்ப வாங்கிக்கொள்வது. இந்தக் கடைசிப் படிதான் நீதிமன்றத்துக்குப் புரியாத படி. பெரியவர் ஒருவர் வாக்குமூலத்தை மாற்றினால் பிறழ்சாட்சி, பொய் சொல்லியிருக்கிறார் என்று சட்டம் பார்க்கும். குழந்தை மாற்றினால்? சம்மிட் சொன்னது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது, அதைக் குற்றம் நடந்ததற்குச் சான்றாகப் பயன்படுத்தியதும் தவறு என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள், அது நியாயமான விமர்சனம்தான். ஆனால் பின்வாங்குதல் என்பது உண்மையிலேயே நடக்கிறது. 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வு, குழந்தைப் பாதுகாப்பு நீதிமன்றங்களுக்கு வந்த 257 வழக்குகளைப் படித்து, சுமார் 23 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் பின்வாங்கியதைக் கண்டது. யார் பின்வாங்கினார்கள் என்பதுதான் அதில் முக்கியம். வயது குறைந்தவர்கள், பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பவரால் பாதிக்கப்பட்டவர்கள், அப்புறம், குற்றத்தில் சம்பந்தமில்லாத மற்றொரு பெற்றோர் பக்கபலமாக நிற்காதவர்கள். அதாவது அம்மா நம்பவில்லை என்றால், அல்லது நம்பியும் 'குடும்பமே போச்சே' என்று அழுதுகொண்டே இருந்தால், வீட்டை மறுபடி ஒன்றுசேர்க்கத் தன்னால் முடிந்த ஒரே காரியத்தைக் குழந்தை செய்துவிடுகிறது.

இந்த அம்மா விஷயம் இன்னொரு இடத்திலும் வரும். அமெரிக்காவின் டென்வர் பகுதியில் கெயில் குட்மேன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பாலியல் வன்முறை வழக்குகளில் சம்பந்தப்பட்ட 218 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 1992-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன குழந்தைகளை, சொல்லாத குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சாட்சி சொன்ன ஏழு மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோது, சாட்சி சொன்னவர்களுக்கு மனப்பாதிப்பு அதிகமாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. பல தடவை சாட்சி சொல்ல வேண்டியிருந்தவர்கள், தாயின் ஆதரவு கிடைக்காதவர்கள், தன் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத வழக்குகளில் சிக்கியவர்கள், இவர்களுக்குத்தான்.

இங்கேயே நிறுத்தினால் 'குழந்தையை நீதிமன்றம் பக்கமே கூட்டிப்போகாதீர்கள்' என்று முடிவு கட்டிவிடலாம். நிறைய நல்ல மனிதர்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் அதே குழந்தைகளைச் சுமார் 12 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து மறுபடி ஆராய்ந்தபோது வேறொன்றும் தெரிந்தது. கடுமையான வன்முறைக்கு ஆளாகி, பல தடவை சாட்சி சொன்னவர்கள் பெரியவர்களான பிறகும் சிரமப்பட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். கூடவே, குற்றவாளிக்கு லேசான தண்டனையே கிடைத்த வழக்குகளில், சாட்சி சொல்லாமல் இருந்தவர்களும் நிம்மதியாக இல்லை. தனக்கு நடந்ததைப் பற்றி முடிவெடுத்த இடத்தில் தன் குரல் ஒலிக்கவே இல்லை என்பதும் ஒரு காயம்தான் போலிருக்கிறது. ஆக, பேச வைப்பதும் காயப்படுத்தும், பேசவிடாமல் செய்வதும் காயப்படுத்தும். எப்படிப் பேச வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

1985-இல் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் நடந்தது இதைப் புரிந்துகொண்டதன் ஆரம்பம். பட் கிரேமர் அங்கே மாவட்ட அரசு வழக்கறிஞர். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார். போலீஸ் ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம், குழந்தைநலத் துறை ஒரு பக்கம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குழந்தையைக் கூப்பிட்டு விசாரித்ததில், வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்குள் குழந்தை களைத்துப்போய்விடுவதையும், ஒவ்வொரு வாக்குமூலத்திலும் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வதையும் பார்த்தார். அவர் செய்தது சொல்லும்போது சப்பென்று இருக்கும், செய்வது கஷ்டம். குழந்தையை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்காமல், எல்லா அலுவலகக்காரர்களையும் ஒரு வீட்டுக்கு வரவைத்தார். வீடு மாதிரி ஒரு கட்டடம், அதில் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையோடு பேசுவார், மற்றவர்கள் வேறு அறையிலிருந்து பார்ப்பார்கள். பேச்சு பதிவாகும். மருத்துவப் பரிசோதனை, மனநல ஆலோசனை எல்லாம் அதே கூரையின் கீழ். குழந்தைகள் ஆதரவு மையம் என்ற இந்த மாதிரி இன்று அமெரிக்காவில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். துறைகளுக்கு நடுவிலான கௌரவப் பிரச்சினையைத் தீர்த்ததுதான் சாதனை. எந்த நாட்டு அரசு அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும்.

ஒரு தடவைதான் பேசப்போகிறது என்றால் அந்த ஒரு தடவை ஒழுங்காக நடக்க வேண்டும். அது எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கும் அதே காலத்து உதாரணம் உண்டு. கலிபோர்னியாவின் மேன்ஹட்டன் பீச்சில் மெக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளி மீது 1983-இல் ஒரு புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பேசினார்கள். பேசியவர்கள் குழந்தைகள் மீது அக்கறை இல்லாதவர்கள் அல்ல, அக்கறை கூடிப்போனதுதான் சிக்கல். 'மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் தைரியமாகச் சொல்லு' என்கிற தொனியில், எதிர்பார்த்த பதில் வரும்வரை கேட்டார்கள். நம்பவே முடியாத கதைகள் எல்லாம் வந்தன. வழக்கு 1990 வரை இழுத்தது, ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அதில் யாருக்காவது உண்மையில் ஏதாவது நடந்திருந்தாலும் அதை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. குழந்தைகள் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு கேள்வியிலேயே பதிலை ஊட்டுபவர், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் பெரிய உபகாரம் செய்கிறார்.

அந்தச் சூட்டில் பிறந்ததுதான் இன்றைய விசாரணை முறை. அமெரிக்கத் தேசியக் குழந்தைநல ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய நெறிமுறை பல நாடுகளில் புழங்குகிறது. அதில் பேட்டி எடுப்பவர் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார். முதலில் விதிகள்: எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது, நான் தப்பாகச் சொன்னால் நீ திருத்தலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம். அப்புறம் ஒத்திகை மாதிரி, சமீபத்தில் நடந்த சாதாரண நிகழ்ச்சி ஒன்றை, ஒரு பிறந்தநாள் விழா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பம் முதல் கடைசிவரை சொல்லச் சொல்வார். அதற்குப் பிறகுதான், 'இங்கே எதற்காக வந்திருக்கிறாய் என்று சொல்லு.' பிறகு வருவதெல்லாம் 'அப்புறம்?', 'அதைப் பற்றி இன்னும் சொல்லு' வகையறா. ஆமாம்-இல்லை கேள்விகளையும், இதுவா-அதுவா கேள்விகளையும் முடிந்தவரை கடைசிக்குத் தள்ளுவார்கள். ஏனென்றால் திறந்த கேள்விக்குக் குழந்தை நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறது. மூடிய கேள்விக்கு நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறது.

நீதிமன்றக் கேள்விகள் இதற்கு நேர் எதிர். 'நீ அப்போது கத்தவில்லை, அப்படித்தானே?' என்று கேட்டால் ஏழு வயதுக் குழந்தை என்ன சொல்லும்? 'ஆமாம்' என்றால் ஆமாம், கத்தவில்லை. 'இல்லை' என்றால் இல்லை, கத்தவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் சொல்வது சரியில்லை, கத்தினேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் எது ஏறும் என்பது குழந்தையின் கையில் இல்லை.

ஹன்ட்ஸ்வில் மாதிரியை எடுத்து ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். 1998-இல் ரெய்க்யவிக்கில் தொடங்கிய பார்னஹுஸ், அதாவது குழந்தைகள் வீடு, நீதிபதியையே அந்த வீட்டுக்கு வரவைத்தது. குழந்தை ஓர் அறையில் பேட்டியாளரோடு பேசும். இன்னோர் அறையில் திரையில் பார்த்துக்கொண்டு நீதிபதி, அரசுத் தரப்பு, குற்றம்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர், போலீஸ், குழந்தைநலத் துறை எல்லோரும் இருப்பார்கள். எதிர்த்தரப்புக்குக் கேள்வி இருந்தால் அது பேட்டியாளரின் காதுக்குப் போகும், அவர் அதைக் குழந்தைக்குப் புரிகிற மொழியில் கேட்பார். அந்தப் பதிவே சாட்சியம். வழக்கு நடக்கும்போது குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் என்று அக்கம்பக்கத்து நாடுகள் வரிசையாக இதை எடுத்துக்கொண்டன.

எல்லா நாடும் இப்படிச் செய்துவிடலாமே என்றால், அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது, அதையும் வில்லனாகப் பார்க்கக் கூடாது. தன்மீது குற்றம் சொல்பவரை நேருக்கு நேர் எதிர்கொண்டு கேள்வி கேட்கும் உரிமை அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தில் இருக்கிறது. 1988-இல், குழந்தைகளுக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் நடுவே திரை வைத்தது அந்த உரிமையை மீறியது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தண்டனையை ரத்து செய்தது. இரண்டே வருடத்தில், 1990-இல், குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்குக் கடுமையான மனத்துயரம் வரும் என்று நிரூபித்தால் வீடியோ மூலம் சாட்சி சொல்லலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 2004-இல் இன்னொரு தீர்ப்பு, குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பில்லாத வாக்குமூலத்தை அப்படியே சாட்சியமாக ஏற்க முடியாது என்று மறுபடி கதவை நெருக்கியது. இந்த இழுபறியால்தான், ஆதரவு மையத்தில் அருமையாக ஒரு பேட்டி எடுத்த பிறகும் அங்கே பல குழந்தைகள் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது. பொய்ப் புகாரால் ஒருவர் சிறைக்குப் போய்விடக் கூடாது என்ற பயம் நியாயமானது. மெக்மார்ட்டினைப் பார்த்த பிறகு அதை யாரும் அலட்சியம் செய்ய முடியாது.

இங்கிலாந்தின் கதை வேறு விதம். அங்கே தடை கொள்கையில் இல்லை, சோம்பலில். குறுக்கு விசாரணையையும் முன்கூட்டியே நடத்திப் பதிவு செய்துவிடலாம் என்று நீதிபதி பிகட் தலைமையிலான குழு 1989-இல் பரிந்துரைத்தது. 1999-இல் சட்டமே போட்டார்கள், பிரிவு 28. நடைமுறைக்கு வந்த முதல் சோதனை முயற்சி 2013 டிசம்பர் கடைசியில், மூன்று நீதிமன்றங்களில். பரிந்துரைக்கும் சோதனைக்கும் நடுவே 24 வருடம். பரிந்துரை வந்தபோது எட்டு வயதாக இருந்த குழந்தைக்கு அப்போது 32 வயது ஆகியிருக்கும்.

இத்தனையிலும் குழந்தையின் பக்கத்தில் நிற்பது யார்? அரசு வழக்கறிஞர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் குழந்தையின் வழக்கறிஞர் அல்ல, அரசின் வழக்கறிஞர். வழக்கு ஜெயிக்காது என்று பட்டால் சமரசத்துக்குப் போவார், சாட்சி பலவீனம் என்றால் குற்றச்சாட்டைக் குறைப்பார், அது அவர் தொழில். குழந்தைக்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் குடும்ப, பாதுகாப்பு நீதிமன்றங்களில்தான் முதலில் வேர்விட்டது. அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய வழக்குகளில் குழந்தைக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்கும் மாநிலங்களுக்குத்தான் நிதி என்றது. நியமிக்க ஆள் எங்கே? சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, ஒரு குழந்தையின் வாழ்க்கையைப் பற்றிப் போதுமான தகவல் இல்லாமலே தீர்ப்பு எழுதுகிறோமே என்ற உறுத்தலில், 1977-இல் பொதுமக்களிலிருந்து தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து ஆளுக்கு ஒரு குழந்தை என்று ஒப்படைத்தார். பள்ளிக்குப் போய்ப் பார்ப்பது, வளர்ப்பு வீட்டுக்குப் போவது, நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவது. இன்று அது அமெரிக்கா முழுவதும் பரவிய அமைப்பு.

நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஆதரவாளர், துணை நபர், குழந்தையின் வழக்கறிஞர், காப்பாளர். வேலை என்னவோ ஏறக்குறைய ஒன்றுதான், அதில் முக்கால்வாசி சட்டப் புத்தகத்தில் இல்லாதது. ஆளில்லாத நேரத்தில் நீதிமன்ற அறையைக் கூட்டிப்போய்க் காட்டுவது: இது நீதிபதியின் நாற்காலி, இது நீ உட்காரும் இடம், அவர் அங்கே இருப்பார், நீ அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. 'தெரியாது', 'ஞாபகமில்லை' என்பதும் சரியான பதில்தான் என்று பழக்குவது. என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருபோதும் சொல்லித்தராமல் இருப்பது. குழந்தை மனதைத் தயார்செய்துகொண்டு, முந்தின நாள் ராத்திரி தூங்காமல், காலையில் வந்து நின்றால் வாய்தா என்பார்களே, அந்தத் தகவலை முதல் நாளே விசாரித்துச் சொல்வது. என்னைக் கேட்டால் இந்த ஒரு வேலைக்கே அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். அப்புறம் குற்றவாளி தெருவில் எதிர்ப்பட்டால் யாரைக் கூப்பிடுவது, வேறு பள்ளிக்கு மாற்றுவதா வேண்டாமா, இழப்பீட்டு மனு போட்டாச்சா.

இந்தப் பொறுப்புக்குள்ளேயே ஒரு முடிச்சும் உண்டு. குழந்தை 'நான் வீட்டுக்கே போகிறேன்' என்று சொல்கிறது. அந்த வீட்டில் ஆபத்து இருப்பதாக ஆதரவாளர் நினைக்கிறார். அவர் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியது குழந்தையின் விருப்பத்தையா, குழந்தைக்கு நல்லது என்று தான் நினைப்பதையா? ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) இரண்டையும் கேட்கிறது. மூன்றாவது பிரிவு குழந்தையின் நலனே முதன்மை என்கிறது, பன்னிரண்டாவது பிரிவு குழந்தையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை கொடு என்கிறது. சில நாடுகளில் இதற்காகவே இரண்டு பேரை நியமிக்கிறார்கள். ஒருவரே இருக்கும் இடங்களில், இரண்டையும் நீதிபதி முன் மறைக்காமல் வைப்பதுதான் நேர்மையான வழி. குழந்தை சொன்னதை விழுங்கிவிட்டுத் தன் கருத்தை மட்டும் சொல்பவர், நல்ல எண்ணத்தோடே அதன் வாயை மறுபடி மூடுகிறார்.

சிகிச்சை எங்கே வருகிறது? வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை என்பதுதான் பல இடங்களில் பிரச்சினை. வழக்கு முடியும்வரை கவுன்சிலிங் வேண்டாம், 'தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது' என்று எதிர்த்தரப்பு கிளப்பிவிடும் என்று போலீஸோ வழக்கறிஞரோ பெற்றோரிடம் சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. வழக்கு இரண்டு வருடம் ஓடினால், எட்டு வயதுக் குழந்தைக்கு அது வாழ்க்கையில் கால்வாசி. எலும்பு முறிந்தவரிடம் தீர்ப்பு வரட்டும், அப்புறம் கட்டுப் போடலாம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்தின் அரசுத் தரப்பு வழக்குத் துறை 2022-இல் வெளியிட்ட வழிகாட்டலில், வழக்கைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று தெளிவாகவே எழுதிவிட்டது. முதல் பேட்டி வீடியோவில் பத்திரமாகப் பதிவாகியிருந்தால் பயமும் பாதி குறைகிறது. குழந்தை சிகிச்சைக்கு முன் என்ன சொன்னது என்பதற்குச் சான்று இருக்கிறதே. நல்ல விசாரணை சிகிச்சைக்கு வழிவிடுவது இப்படித்தான். சிகிச்சையாளரின் குறிப்பேடு நீதிமன்றத்துக்கு வரவழைக்கப்படலாம் என்ற கவலை மட்டும் பல நாடுகளில் இன்னும் தீரவில்லை.

சிகிச்சை என்றால் படுக்க வைத்துப் பழசைக் கிளறுவது என்று ஒரு பிம்பம் இருக்கிறது. ஹிப்னாடிசம் செய்து 'மறந்த நினைவுகளை' மீட்பதாகச் சொல்பவர்களிடம் போகவே கூடாது, அதில் இல்லாத நினைவுகளும் முளைக்கும். இன்றைக்கு அதிகமாகப் பரிசோதிக்கப்பட்டிருப்பது, ஜூடித் கோஹென், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவர் உருவாக்கிய, மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை முறை. 3 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு, பொதுவாக 12 முதல் 25 அமர்வுகள். ஆரம்ப வாரங்களில் நடந்ததைப் பற்றி விவரமாகப் பேசுவதே இல்லை. பயம் வந்தால் உடம்பு என்ன செய்கிறது, மூச்சை எப்படி நிதானமாக்குவது, கோபத்துக்கும் வெட்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொடுப்பார்கள். இந்த மாதிரி நிறையக் குழந்தைகளுக்கு நடந்திருக்கிறது, உனக்கு மட்டும் இல்லை என்பதைச் சொல்வார்கள். பெற்றோருக்குத் தனியாக அமர்வு. திடீரென்று படுக்கை நனைக்கும் குழந்தையை, சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தும் குழந்தையை அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவர்களுக்கு உடனடிக் கவலை.

அப்புறம் மெதுவாக, குழந்தை தன் கதையை எழுத ஆரம்பிக்கும். சிலர் படமாக வரைவார்கள், சிலர் பாட்டாகச் சொல்வார்கள், சிலர் அத்தியாயம் போட்டுப் புத்தகமாகவே எழுதுவார்கள். முதல் அத்தியாயம் 'நான் யார்' என்பதாக இருக்கும். எனக்கு என்ன பிடிக்கும், நான் எதில் கெட்டி. நடந்தது ஓர் அத்தியாயம் மட்டும்தான் என்பது அந்த அமைப்பிலேயே வந்துவிடுகிறது. வேகம் குழந்தையுடையது. எழுதி முடித்த பிறகு சிகிச்சையாளர் திரும்பிப் போய், 'நான் சத்தம் போட்டிருக்கணும்', 'அவர் கொடுத்த பரிசை வாங்கிக்கிட்டேன், அதனால என் தப்புதான்' என்கிற வரிகளில் நிறுத்துவார். அதை மறுத்துப் பேசமாட்டார், கேட்பார். உன் வயதில் உன் தோழி ஒருத்தி இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் அவளிடம் என்ன சொல்வாய்? அந்தப் பதிலைக் குழந்தையே தன் புத்தகத்தில் எழுதும். எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தனையும் தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் நம்புகிற ஒருவர் இருந்து, வன்முறை நின்று, பழைய தினசரி திரும்பிவிட்டால் கணிசமான குழந்தைகள் பெரிய சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள். வாழ்க்கையே போச்சு என்று பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் புலம்புவது அவர்களுக்கு வேண்டாத பாரம்.

தீர்ப்புக்கும் தயார் செய்ய வேண்டும். விடுதலை என்று வந்தால் குழந்தை கேட்கும் முதல் கேள்வி 'அப்ப நான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டாங்களா?' சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது என்றால் என்ன என்பதைப் பத்து வயதுக்குப் புரிகிற மாதிரி யாராவது தீர்ப்புக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், தீர்ப்புக்குப் பிறகு சொன்னால் சமாதானம் மாதிரித்தான் கேட்கும். ஆதரவாளரும் சிகிச்சையாளரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். எந்தத் தேதியில் தீர்ப்பு என்பது ஒருவருக்குத் தெரியும், குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பது இன்னொருவருக்குத் தெரியும்.

அந்தச் சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் இன்னும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். குழந்தை தன் புத்தகத்தை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, தன்னை நம்புகிற அந்தப் பெரியவருக்கு வாசித்துக் காட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் முந்தைய வாரங்களிலேயே அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு அத்தியாயமாக, எத்தனை தடவை வேண்டுமோ அத்தனை தடவை படித்துக் காட்டியிருப்பார்கள். குழந்தை வாசிக்கிற அன்றைக்கு அவர் கதறிவிடாமல் கேட்க வேண்டுமே, அதற்காக. வாசித்து முடித்ததும் குழந்தைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவருக்கு முன்பே தெரியும். அதில் முதலாவது, 'உனக்கு என் மேல கோபமா?'